பதிவேடும் பட்டியலும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தனர். மன்னர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். நாம் ஈண்டு எழுதப் புகுவது வேலை தேடிக் கடல் கடந்த செவிலியரின் வரலாறு. அதிலும், முழுச் செவிலியர் என்று ஏற்கப்படாமல் உதவிச் செவிலியர், நடைமுறைச் செவிலியர், இரண்டாம் நிலைச் செவிலியர் என நாட்டுக்கு நாடு வேறு வேறு பெயரால் அழைக்கப்பட்டவர்களின் வரலாறு.

இப்பொருளை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தவுடன், பெண்ணைப் பெற்றவர்கள் நம்மைத் தேடி வருகின்றனர். "நர்சு படிப்பில் சேர்க்கலாமா ஐயா? வெளிநாடு போகலாம் என்கிறார்களே?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. சேர்க்கலாம் என்றே நாம் கூறுகிறோம். ஆனால் எந்தப் படிப்பில், எந்தச் சான்றிதழுக்கு என்பது அடுத்த கேள்வி. அதனைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. அந்த அடுத்த கேள்வியைக் கேட்காமற் போன பல்லாயிரம் பெண்கள் உலகின் பல நாடுகளில் என்ன ஆயினர் என்பதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

நோயாளியின் புண்ணைத் துடைப்பதும், மலசலப் பாத்திரத்தை எடுப்பதும், பிள்ளைப்பேற்றின் குருதியைக் கழுவுவதும் தீட்டு என்று கருதிய நாடு இது. ஆகவே, செவிலியர் தொழில் இங்குத் தோன்றிய நாளில் உயர்ந்த குலத்தார் எனப்பட்டோர் தம் பெண்களை அதற்கு அனுப்பவில்லை. மிசன் மருத்துவமனைகளில் அப்பணியை ஏற்றவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து கிறித்தவம் தழுவிய பெண்கள் பலர். தீட்டு என்று பிறர் ஒதுக்கிய வேலை, நம் பெண்களுக்குக் கல்வியையும் மாதச் சம்பளத்தையும் கொண்டுவந்த வேலையாயிற்று. பிறகு அதே தொழிலுக்கு வெளிநாட்டில் நல்ல வருவாய் உண்டு என்று தெரிந்தபோது தீட்டு எங்கோ பறந்து போயிற்று! அது தனிக் கதை.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம்.

அந்நாட்டில் செவிலியருக்கென அரசுப் பதிவேடு ஒன்று வேண்டும் என்று திருமதி எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்னும் அம்மையார் 1887 முதல் போராடினார். பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் இதனை எதிர்த்தார் என்பது நம்மிற் பலருக்கு வியப்பாக இருக்கும். நல்ல செவிலியின் குணத்தைத் தேர்வெழுதி அளக்க இயலாது என்பது அவர் கருத்து. இறுதியில் 1919 டிசம்பரில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பொதுச் செவிலியர் மன்றம் அமைந்தது. 1921இல் திறந்த பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக் அம்மையாருக்கே கிடைத்தது. மூன்றாண்டுப் பயிற்சி பெற்று, தேர்வில் வென்று, இப்பதிவேட்டில் இடம்பெற்றவர் 'அரசுப் பதிவுச் செவிலியர்' எனப்பட்டார். எஸ்.ஆர்.என். என்று சுருக்கமாகக் கூறுவர்.

பதிவேடு வந்தது, ஆனால் மருத்துவமனைகளின் தேவை தீரவில்லை. நாட்பட்ட நோயாளிகளும் முதியோரும் கிடந்த கூடங்களில் முறையான பயிற்சியில்லாத உதவிப் பெண்களே பெரும்பாலும் பணியாற்றினர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆள் தட்டுப்பாடு முற்றியது. 1943ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டம், பதிவேட்டுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பட்டியலை ஏற்படுத்தியது. இரண்டாண்டுப் பயிற்சி பெற்றோர் அதில் 'உதவிச் செவிலியர்' என்று சேர்க்கப்பட்டனர். 1961இல் 'உதவி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அரசுப் பட்டியற் செவிலியர்', அதாவது எஸ்.இ.என்., என்று பெயர் மாற்றினர். பெயர் மாறியதே தவிரப் படிநிலை மாறவில்லை. பதிவேட்டுப் பயிற்சிக்கு வந்தவளை 'மாணவி' என்றும், பட்டியற் பயிற்சிக்கு வந்தவளை வேறொரு சொல்லால் 'பயிலுநர்' என்றும் அழைத்தனர். சீருடையிலும் இடுப்புப் பட்டையிலும் கூட நிறம் வேறு. பதிவுச் செவிலி நாளடைவில் கூடத் தலைவியாகலாம், மேட்ரன் ஆகலாம். பட்டியற் செவிலிக்கு அந்தப் படிக்கட்டு பெரும்பாலும் கிடையாது.

பட்டியல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நம் நாட்டுப் பட்டியல், தாழ்த்தப்பட்டோரை உயர்த்துவதற்காக எழுந்தது. அவர்கள் நாட்டுப் பட்டியலோ, வேலைக்கு வேண்டும், பதவிக்கு வேண்டாம் என்ற கணக்கில் எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில், உழைப்பைப் பிரிப்பது வேறு, உழைப்பவரை மேல் கீழாக அடுக்குவது வேறு என்று வேறுபடுத்திக் காட்டியதை இங்கு நினைவு கொள்ளலாம்.

1948 சூன் 22ஆம் நாள் 'எம்பயர் விண்டுரஷ்' என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை ஏற்றிவந்து இலண்டனுக்கு அருகிலுள்ள தில்பரித் துறையில் இறக்கியது. அடுத்த மாதம் 5ஆம் நாள் பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. எல்லோர்க்கும் கட்டணமின்றி மருத்துவம் என்றார்கள். அதைச் செய்யச் செவிலியர் எங்கே? அரசு குடியேற்ற நாடுகளின் பக்கம் திரும்பியது. 1955க்குள் 16 குடியேற்ற நாடுகளில் செவிலியர் சேர்ப்புத் திட்டம் நடந்தது. சமைக்கா, பார்படோசு, திரினிதாது, கயானா என்று ஊர் ஊராகத் தேர்வுக் குழுக்கள் அமைந்தன. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் பெற்றோரைப் பிரிந்து கப்பல் ஏறினர். பயணச் செலவு கடன். சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்கள். அக்காலச் சட்டப்படி அவர்கள் பிரிட்டிசுக் குடிமக்கள். ஆகவே நுழைவதற்குத் தடை இல்லை. தடை உள்ளே போன பிறகே தெரிந்தது.

அப்பெண்களுள் பலர் தத்தம் தீவுகளில் கேம்பிரிட்சு பள்ளிச் சான்றிதழ் பெற்றவர்கள். மூன்றாண்டுப் பயிற்சிக்கு அந்தக் கல்வி போதும். எனினும் பலரை இரண்டாண்டுப் பட்டியற் பயிற்சியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. 'செவிலியர் பயிற்சி' என்று தாளில் இருந்தது, கையெழுத்திட்டனர். உடன் பயில்வோரின் பட்டையில் வேறு நிறத்தைக் கண்ட பிறகே பலருக்கு ஐயம் பிறந்தது. பின்னாளில் அவர்களே கூறிப் பதிவான வாய்மொழி வரலாறுகளில் இச்செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. பெரிய போதனா மருத்துவமனைகளில் இடம் கிடைப்பது அரிது. மனநோய் மருத்துவமனை, முதியோர் கூடம், நாட்பட்ட நோயாளிகளின் கூடம் ஆகியவையே பெரும்பாலும் அவர்களுக்கு வாய்த்தன. கறுப்புக் கை தம்மைத் தொடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக் கொண்ட நோயாளிகளும் இருந்தனர். இதைப் படிக்கும்போது நமக்குப் பழக்கமான ஏதோ ஓர் ஊரின் தேநீர்க் கடை நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை.

இரவுப் பணியில் பட்டியற் செவிலி தனியே ஒரு கூடத்தைப் பார்த்துக் கொண்டாள். பொறுப்பு பதிவுச் செவிலியின் பொறுப்பு. சம்பளம் பட்டியற் செவிலியின் சம்பளம்.

ஆனால் இவற்றினும் பெரிய அடி ஊர் திரும்ப எண்ணியபோது விழுந்தது. ஐந்தாண்டு உழைத்துப் பொருள் சேர்த்துத் திரும்பிவிடலாம் என்றே பலரும் புறப்பட்டிருந்தனர். எஸ்.இ.என். சான்றிதழோ பிரிட்டனுக்கு வெளியே பல நாடுகளில் செல்லவில்லை. அப்பெண்களை அனுப்பி வைத்த அவர்களுடைய சொந்தத் தீவுகளின் மன்றங்களே அதனை முழுச் செவிலியர் தகுதியாக ஏற்கவில்லை. இரண்டாண்டுப் பயிற்சி, பல்லாண்டு அனுபவம், கையில் அரசு முத்திரையிட்ட தாள் எல்லாம் இருந்தும் சொந்த ஊரில் செவிலி இல்லை என்ற நிலை! அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகலாம் என்றாலும் அதே தடை. பதிவுச் செவிலி ஆக வேண்டுமாயின் மறுபடியும் மாணவியாகச் சேர வேண்டும். குழந்தைகளும் வாடகையும் உள்ள பெண்ணுக்கு அஃது எளிதன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கயானாவிலிருந்து 1951இல் வந்த தாப்னி ஸ்டீல் அம்மையார் பதிவேட்டுப் பயிற்சியைப் பெற்றவர். அவர் 1964இல் யார்க்சயரில் இல்க்லி என்னும் ஊரிலுள்ள மகப்பேற்று மருத்துவமனையின் மேட்ரன் ஆனார். தேசிய மருத்துவப் பணியில் முதற் கறுப்பின மேட்ரன் அவரே. நைசீரியாவின் கோஃபோவொரோலா பிராட் அம்மையார் இலண்டன் செயிண்டு தாமசு மருத்துவமனையில் பயின்று, பதிவேட்டுத் தகுதியுடன் நாடு திரும்பி, இபாதான் பல்கலைக்கழக மருத்துவமனையின் மேட்ரனாக விளங்கினார். இவ்விருவர்க்கும் நிறம் தடையாக இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவர்கள் கையிலிருந்த தாள் எல்லை கடந்து செல்லும் தாள்.

1962இல் பொதுநலவாயக் குடியேறுவோர் சட்டம் வந்தது. சூலை 1 முதல், வேலைக்கு வருவோர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே வேலை உறுதியானோர் 'அ' பிரிவு. செவிலியர், ஆசிரியர் போன்ற தகுதியுடையோர் 'ஆ' பிரிவு. தகுதியற்றோர் 'இ' பிரிவு. 1965 ஆகத்தில் வெளிவந்த வெள்ளை அறிக்கை 'இ' பிரிவை அறவே நீக்கி, சீட்டுகளை ஆண்டுக்கு 8,500 எனச் சுருக்கியது. பயிற்சி முடித்த செவிலிக்கு வாயில் திறந்திருந்தது; அவளுடைய அண்ணனுக்கும் தம்பிக்கும் மூடிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டம் 1973 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, தந்தையோ பாட்டனோ பிரிட்டனிற் பிறந்தவரா என்று பார்க்கும் முறை வந்தது. குடிமகன் என்று அழைத்துவந்த நாடு, பிறப்பைக் கேட்கத் தொடங்கியது.

இரண்டாம் பட்டியல் என்ன ஆயிற்று? 1986இல் 'புராசெக்ட் 2000' என்னும் சீர்திருத்த அறிக்கை, இனி ஒரே நிலைச் செவிலியர் போதும் என்றது. 1988இல் அரசு அதனை ஏற்றது. பட்டியற் பயிற்சி படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே உள்ளோர் மாற்றுப் பயிற்சியில் சேர்ந்து பதிவுச் செவிலியாகலாம் என்றனர், இடங்களோ குறைவு. காத்திருந்தே ஓய்வு பெற்றோர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், செவிலியர் தட்டுப்பாடு மீண்டும் வந்தபோது இங்கிலாந்தில் இரண்டாண்டுப் பயிற்சியுடன் 'நர்சிங் அசோசியேட்' என்றொரு நிலையை ஏற்படுத்தி, 2019 சனவரியில் அதற்குத் தனிப் பதிவும் தொடங்கினர். வாசல் வழியே அனுப்பியதைச் சன்னல் வழியே அழைத்துக் கொண்டார்கள் போலும்.

விண்டுரஷ் காலத்தவர்க்கு இன்னொரு துன்பமும் காத்திருந்தது. பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்து, வரி கட்டி, மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் உழைத்தவர்களிடம், நீங்கள் சட்டப்படி வந்தீர்கள் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்கப்பட்டது. அவர்கள் வந்திறங்கியபோது நிரப்பித் தந்த அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010இல் அழித்துவிட்டிருந்தது. வேலையும் மருத்துவமும் மறுக்கப்பட்டோர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டோர், நாடு கடத்தப்பட்டோர் எனப் பலர் அல்லலுற்றனர். 2018இல் இது வெளிப்பட்டபோது அரசு மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்க வரலாறு சற்று வேறானது, முடிவு ஒன்றுதான். அங்கே இரண்டாம் நிலையினர்க்கு 'நடைமுறைச் செவிலியர்' என்று பெயர். டெக்சாசு, கலிபோர்னியா மாநிலங்களில் 'தொழில்முறைச் செவிலியர்' என்பர். நியூயார்க்கில் 1892இல் மூன்று மாதப் பயிற்சியாகத் தொடங்கிய இப்படிப்பு, பிறகு ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பாக வளர்ந்தது. 1914இல் மிசிசிப்பி மாநிலம் முதன்முதலாக அவர்களுக்கு உரிமச் சட்டம் இயற்றியது. 1955க்குள் எல்லா மாநிலங்களும் இயற்றின. பதிவுச் செவிலி அல்லது மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே அவர்கள் பணியாற்றலாம்.

வெளிநாட்டார் வருகை 1948ஆம் ஆண்டுப் பரிமாற்றத் திட்டத்தால் பெருகியது. பிலிப்பைன்சு நாட்டுச் செவிலியர் ஆயிரக்கணக்கில் வந்தனர். பயிற்சி என்று பெயர். பல இடங்களில் குறைந்த கூலி வேலையே நடந்தது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் நிலையாகக் குடியேறவும் வழி பிறந்தது. ஆனால் வந்த பிறகு எழுத வேண்டிய மாநில உரிமத் தேர்வில் வெளிநாட்டுச் செவிலியருள் பெரும்பாலோர் தோற்றனர். தம் நாட்டில் முழுச் செவிலியராக இருந்தவர்கள் அங்கே உதவியாளராய், படுக்கை விரித்துக் காலம் தள்ளினர். இதனைத் தவிர்க்க 1977இல் ஓர் ஆணையம் அமைத்து, புறப்படும் முன்பே தம் நாட்டில் முன்தேர்வு எழுதும் முறையைக் கொண்டு வந்தனர். அது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தச் சான்றுத் திட்டம் முதல் நிலைப் பொதுச் செவிலியர்க்கே உரியது. இரண்டாம் நிலையார் அதில் சேர முடியாது; பிரிட்டனின் பட்டியற் செவிலியும் அவர்களுள் அடங்குவர்.

1996ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு பூட்டைப் போட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் செவிலியர், நடைமுறைச் செவிலியர் உள்ளிட்டோர், தம் கல்வியும் உரிமமும் ஆங்கில அறிவும் தக்கவை என்று தனிச் சான்று காட்டினாலன்றி விசா இல்லை. சான்றிதழ் பெற்றாலும் நடைமுறைச் செவிலிக்கு எந்த விசா? பட்டதாரி வேலைகளுக்கான தற்காலிக விசா அவளுக்குப் பொருந்தாது. பதிவுச் செவிலியர் தட்டுப்பாடான தொழிலினர் என்று அரசே அறிவித்துள்ளதால், உள்நாட்டில் ஆளில்லை என மருத்துவமனை தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நடைமுறைச் செவிலிக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலைக் குடியேற்றத்தில் இரண்டாண்டுக்குக் குறையாத பயிற்சி வேண்டும் வேலையே திறன் வேலை. ஓராண்டுப் படிப்புக்குரிய அவளது வேலை 'ஏனையோர்' வரிசையில் விழும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி உலகம் முழுமைக்கும் அந்த வரிசைக்கு ஆண்டுக்கு 10,000 இடங்களே. போதாக்குறைக்கு, சில மாநில வாரியங்கள் உரிமம் தர அமெரிக்கச் சமூகக் காப்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணோ வேலைக்குரிய விசா இருந்தால்தான் கிடைக்கும். பக்கத்து நாடாகிய கனடாவின் நடைமுறைச் செவிலிக்குக் கூட, இரு நாடுகளும் சேர்ந்துள்ள வணிக உடன்படிக்கையின் தொழிற் பட்டியலில் இடமில்லை. பதிவுச் செவிலிக்கு உண்டு.

கனடாவைப் பற்றி ஒன்று மட்டும் கூறுவோம். 1992 முதல் 2014 வரை அங்கே, வீட்டோடு தங்கி முதியோரையும் குழந்தைகளையும் பேணும் பணியாளர் திட்டம் ஒன்று நடந்தது. இரண்டாண்டுப் பணி முடித்தால் நிலையாகத் தங்கலாம். பிலிப்பைன்சில் பட்டம் பெற்ற செவிலியர் பலர் இவ்வழியே சென்றனர். ஆனால் உரிமம் வழங்கும் வாரியங்களோ அண்மைக் காலச் செவிலியர் பணி அனுபவம் எங்கே என்று கேட்டன. பிறர் வீட்டில் சமைத்துக் கழிந்த ஆண்டுகள் அக்கணக்கில் சேரா.

நம் நாட்டிலும் இரு நிலைகள் உண்டு. இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் வந்தது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பொதுச் செவிலியர் பட்டயம் மூன்று ஆண்டு. இவை இரண்டும் முழுச் செவிலியர் தகுதி. துணைச் செவிலியர் பயிற்சியாகிய ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. ஏ.என்.எம். தாழ்ந்த படிப்பு என்று நாம் கூறவில்லை. நம் கிராமங்களில் தடுப்பூசி போட்டுப் பேறுகாலம் பார்த்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தவர்கள் அப்படிப்பு முடித்த பெண்களே. வெளிநாட்டு வாரியத்தின் முன் அஃது இரண்டாம் நிலை என்பதையே கூறுகிறோம். இம்மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று உண்டு. 'செவிலியர் உதவியாளர்' என்ற பெயரில் ஆறு மாதம், ஓராண்டு எனத் தனியார் நடத்தும் படிப்புகள் பல, எந்த மன்றத்தின் பதிவேட்டிலும் இடம் தருவதில்லை. வெள்ளைச் சீருடையும் பட்டமளிப்பு விழாவும் மட்டும் இருக்கும். நம் தெருப் பெண்கள் பணம் கட்டிச் சேர்வது பெரும்பாலும் இவற்றிலேதான். கட்டணம் தவணையில் கட்டலாம் என்பதே காரணம்.

2014இல் ஈராக்கின் திக்ரித்து நகரில் போரிடையே சிக்கி, சூலை 5 அன்று மீண்டுவந்த 46 இந்தியச் செவிலியரை நாம் மறந்திருக்க மாட்டோம். ஏனையோர் கேரளத்தவர்; ஒருவர் நம் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். அவர்களுள் பலர் முகவர்க்குக் கொடுக்கக் கடன் வாங்கியிருந்தனர். கடன் தீராமல் வெறுங்கையுடன் திரும்ப அஞ்சியே சிலர் தயங்கினர் என்பது அப்போது வெளிவந்த செய்தி. மறு ஆண்டு, அதாவது 2015இல், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியே மட்டும் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய நிறுவனம், 1978இல் சென்னையில் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம். வளைகுடா நாடுகள் பலவும் இப்போது, நாம் காட்டும் சான்றிதழை நம்பாமல், அதனை வழங்கிய கல்லூரியையும் மன்றத்தையும் நேரே கேட்டுச் சரிபார்க்கின்றன.

ஆகவே பெற்றோர்கள் பணம் கட்டும் முன் நிறுவனத்தாரிடம் கேட்க வேண்டியவை: இப்படிப்புக்கு இந்தியச் செவிலியர் மன்றத்தின் ஒப்புதல் எந்த ஆண்டுக்கு உள்ளது, முடித்தவுடன் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் எந்தப் பெயரில் பதிவு கிடைக்கும், மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக் கொள்வார்களா. வாய்ச்சொல்லாகப் பெறாமல் தாளில் பெறுக. வெளிநாட்டுப் பணி ஒப்பந்தம் வந்தால், அதில் 'நர்சு' என்று எழுதியிருக்கிறதா, 'உதவியாளர்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க. ஆங்கிலத்தில் இருப்பதால் படிக்கத் தயங்குவோர், தாளை எடுத்துக்கொண்டு ஞாயிறு முற்பகலில் நம் கழக நூலகத்திற்கு வரலாம். அங்கே நாமும் ஓய்வு பெற்ற செவிலித் தாய் ஒருவரும் இருப்போம்.